நானூற்றுப் பதினேழு நடந்த தூரம்

எங்கள் கம்பெனியில் முதல் மாடியைத் தவிர வேறெங்கும் யார் உடம்பிலும் கொழுப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் 2008 தை மாதம், அறுநூறு பேரின் கொழுப்பையும் கரைத்தே தீருவது என்று அந்த முதல் மாடியில்தான் முடிவெடுத்தார்கள்.

ஓசூர் சிப்காட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து லாரிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. நான் டைம் ஆபீஸ் கிளார்க். வருகிறவன் எப்போது வந்தான், போகிறவன் எப்போது போனான் என்று எழுதுவது என் வேலை. இரண்டுக்கும் நடுவில் அவன் என்ன ஆனான் என்பது என் பொறுப்பில் வராது. இந்த விவகாரத்தில் நான் செய்த காரியத்துக்கும் இதையே சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறேன். நல்ல சமாதானம் இல்லை என்று எனக்கே தெரியும்.

முதலாளி ஏதோ வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்வந்தார். மற்றவர்கள் போனால் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர் அறுநூறு பெடோமீட்டர் வாங்கி வந்தார். தீப்பெட்டி அளவு, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்வது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கில் ஒரு துண்டு உலோகம் தொங்கும். உடம்பு குலுங்கினால் அது ஆடும். ஓர் ஆட்டம் ஓர் அடி. அடியை வைத்துத் தூரம், தூரத்தை வைத்து எத்தனை கலோரி எரிந்தது என்று அதுவே சொல்லிவிடும். ஆட்கள் அதற்கு டப்பி என்று பெயர் வைத்தார்கள்.

டப்பித் திட்டத்தைக் கேன்டீனில் வைத்துத் தொடங்கி வைத்தவர் எங்கள் பெர்சனல் மேனேஜர் மெல்வின். நல்ல உயரம், நல்ல இஸ்திரி. கோபமே வராது. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

"நண்பர்களே, இத்தனை வருஷம் நீங்க உழைச்சீங்க. எவ்வளவு உழைச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வேர்வையை நம்ப முடியாது. வெயிலுக்கும் வேர்க்கும், பயத்துக்கும் வேர்க்கும். இனிமே நீங்க பேச வேண்டாம், டேட்டா பேசும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டும்போது டப்பி ஓடவில்லை என்பதைக் கவனித்துச் சிலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

விதி எளிமையானது. நேற்று எரித்த கலோரிக்கு இன்று சாப்பாடு. நூறுக்குக் கீழே வெள்ளைச் சீட்டு, மோர் சோறு. முந்நூறு வரை பச்சைச் சீட்டு, சாம்பார், பொரியல். அதற்கு மேலே மஞ்சள் சீட்டு, ஒரு முட்டை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவது அன்றோடு தடை. கணக்கில் வராத உணவு உள்ளே வந்தால் டேட்டா கெட்டுப்போகுமாம்.

முதல் வாரத்திலேயே கம்பெனியில் யார் உழைப்பாளி என்பது தெரிந்துவிட்டது. அக்கவுன்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்துகொண்டே கால் ஆட்டுகிறவர்கள் மொத்தப் பேரும் பச்சை. மத்திகிரி சாலைக் குழிகளில் காரில் வந்து இறங்கும்போதே மெல்வின் சாருக்கு நானூற்று எண்பது. பிரஸ்ஸில் நின்ற இடத்தில் நின்று நாளொன்றுக்கு எட்டு டன் இரும்பைத் தூக்கிப் போடும் சென்னப்பனுக்கு முப்பத்தொன்று.

சென்னப்பன் தட்டை நீட்டிக்கொண்டு, "இன்னொரு கரண்டி வைம்மா" என்று கேட்டான்.

பரிமாறுகிற நாராயணம்மா கரண்டியைத் தூக்கவில்லை. "நான் என்ன பண்றது சாமி. சீட்டு வெள்ளையா இருக்குது. வெள்ளைக்கு ஒரு கரண்டிதான்னு மேல சொல்லிருக்கறாங்க."

பத்தாம் நாள் சென்னப்பன் பிரஸ் பக்கத்திலேயே மயங்கி விழுந்தான். மெல்வின் சார் அவனுடைய டேட்டாவை வரவழைத்துப் பார்த்தார். உடலுழைப்புக் குறைவால் வந்த பலவீனம் என்று எழுதி, ஷிஃப்ட் முடிந்ததும் காம்பவுண்டைத் தினமும் நாலு சுற்று நடக்கச் சொன்னார். நடந்தான். அடுத்த வாரம் பச்சைச் சீட்டு கிடைத்தது. திட்டம் பலன் தருகிறது என்று நோட்டீஸ் போர்டில் அவன் படம் வந்தது.

இனி மாடசாமி.

மாடசாமி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். டோக்கன் எண் நானூற்றுப் பதினேழு. எங்களிடம் இருந்த ஒரே ஒரு ஒன்றரை டன் ஹேமரின் ஆபரேட்டர். மின்வெட்டுக் காலமாதலால் பெரிய ஹேமர் பகல் ஷிஃப்ட் மட்டும்தான் ஓடும். பகல் ஷிஃப்ட் என்றால் மாடசாமி. பக்கத்து ஃபர்னஸிலிருந்து சிவந்த இரும்பைக் குறடால் இழுத்து, டை என்கிற அச்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு, காலால் பெடலை அமுக்குவான். மேலிருந்து ஒன்றரை டன் விழும். ஒரு பீஸுக்கு ஏழெட்டு அடி, ஷிஃப்டுக்கு நானூறு பீஸ். ஒன்பது வருடத்தில் வலது காது போய்விட்டது. அதைப் பற்றி அவன் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெர்மனென்ட் ஆகியிருந்தான் அல்லவா. ஆறு வருடம் டிரெய்னி என்று இழுத்தடித்துப் பெர்மனென்ட் ஆன அன்றைக்குத்தான் காளியம்மாளின் அப்பா பெண் தரச் சம்மதித்தார். மத்திகிரியில் வீடு கொடுத்தவரும் அந்த ஆர்டரின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அந்த ஒரு தாளின் மேல்தான் அவன் குடும்பம் நின்றது.

டப்பி மாட்டிய முதல் நாள் மாலை அவன் எண்ணைப் பார்த்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஐம்பத்து நாலாயிரம் அடி. இரண்டாயிரத்து எழுநூறு கலோரி.

"என்னய்யா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. எப்பவும் போல ஹேமர்லதான் நின்னேன்."

அவனுக்கென்று புதிதாக ஒரு தங்கச் சீட்டு அடித்தார்கள். இரண்டு முட்டை, வாழைப்பழம். மாடசாமி முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, சோறு, ரசம், மோர் எல்லாம் முடித்துக் கடைசியில்தான் எடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்பான். இரண்டு முட்டை கிடைத்ததில் அவனுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். "காளியம்மாகிட்ட சொன்னேன் அண்ணாச்சி, நம்ப மாட்டேங்கா" என்றான். மூன்று வாரம் அவன்தான் நலவாழ்வு நாயகன். முதலாளியே கீழே இறங்கி வந்து கை கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நாலாவது வாரம் யாரோ மெல்வின் சாரிடம் கலோரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் என்றொரு கட்டம் இருப்பதைக் காட்டினார்கள். மாடசாமிக்கு நேரே நாற்பதரை என்று இருந்தது.

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்.

மறுநாள் சார்ஜ் ஷீட் வந்தது. தட்டச்சு செய்தது நான்தான். ஒன்று, பணி நேரத்தில் அனுமதியின்றிப் பணியிடம் விட்டு நாற்பதரை கிலோமீட்டர் சென்றது. இரண்டு, மாநில எல்லையைத் தாண்டியது. மூன்று, கேன்டீனில் ஆயிரம் கலோரி மட்டும் பெற்றுக்கொண்டு இரண்டாயிரத்து எழுநூறு எரித்த வகையில், மீதி ஆயிரத்து எழுநூறு கலோரியை எங்கிருந்தோ முறைகேடாக உட்கொண்டது.

மாடசாமி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "இது என்ன அண்ணாச்சி, ஆள் மாறிட்டா? ரெண்டு முட்டை தந்தவங்கதானே?"

உள்விசாரணை நடத்தக் கிருஷ்ணகிரியிலிருந்து பெருமாள் என்ற ஓய்வுபெற்ற வக்கீல் வந்தார். நாற்பது வருடத்தில் இருநூறு உள்விசாரணை நடத்தியவர். அவர் விசாரித்து யாரும் நிரபராதி ஆனதில்லை. அந்தப் பெருமையை அவரே முதலில் சொல்லிக்கொண்டார். மாடசாமியின் வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு பேசினார். அவன் தலையைத் திருப்பி இடது காதைக் கொடுக்கும்போதெல்லாம், "அவையை நேராகப் பார்க்க மறுக்கிறார்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

"டப்பி பொய் சொல்லுதுங்கிறியா?"

"டப்பியப் பத்தி எனக்குத் தெரியாது சார். நான் நின்ன எடத்த விட்டு நகரல."

"நகரலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நானூறு பீஸ் அடிச்சிருக்கேம்லா சார். தெனமும் அடிச்சிருக்கேன்."

மெல்வின் சார் எழுந்தார். "அதுதான் சார் எங்க கவலையே. இவர் பெங்களூர்ல இருந்த நேரத்துல அந்த நானூறு பீஸை அடிச்சது யாரு? முன்பின் தெரியாத ஆளை உள்ளே விட்டிருக்கார்."

"எழுதிக்கப்பா" என்றார் பெருமாள். நாலாவது குற்றச்சாட்டு அப்படிப் பிறந்தது.

கேட் செக்யூரிட்டி எல்லப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர், பயந்த மனிதர். "மாடசாமி காலையில உள்ள வந்தா சாயங்காலந்தாங்க வெளிய போவாரு. நடுவுல போனதே இல்லைங்க" என்றார்.

பெருமாள் சற்று யோசித்தார். "அப்ப காம்பவுண்டுக்குள்ளயே நடந்திருக்கணும். ஒரு சுத்து தொள்ளாயிரம் மீட்டர். நாப்பத்தஞ்சு சுத்து. தெனம் நாப்பத்தஞ்சு தடவை உன் முன்னாடி ஒரு ஆள் போயிருக்கான், நீ பாக்கலை?"

"போகலைங்களே சாமி."

"பாக்கலைங்கறே."

எல்லப்பனுக்குக் கவனக்குறைவுக்கு மெமோ. எல்லை தாண்டினது எடுபடாமல் போனதில் மெல்வின் சாருக்கு லேசான வருத்தம். அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அவர் ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார்.

அடுத்தது சாப்பாடு. ஆயிரத்து எழுநூறு கலோரி என்றால் இருபத்தெட்டு இட்லி என்று மெல்வின் சார் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஒரு நாளைக்கு இருபத்தெட்டு இட்லி, இருபத்திரண்டு வேலை நாள். அறுநூத்துப் பதினாறு இட்லி எங்க போச்சு?"

"நான் காலைல வீட்ல பழைய சோறு சாப்பிட்டுட்டுதான் சார் வாரேன். ராத்திரியும் வீட்லதான்."

"வீட்டுச் சாப்பாடு வீட்டு வேலைக்கு. கம்பெனி வேலையை வீட்டுச் சோத்துல செஞ்சா அது கலப்படம்" என்றார் மெல்வின் சார். குரலில் கொஞ்சம்கூடச் சூடு இல்லை.

மாடசாமி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கை முழுக்கப் பொறி பட்ட தழும்பு. "சார், எம் மாமனாரு பெர்மனென்ட்னு சொல்லித்தான் பொண்ணு தந்தாவ. வேலைய மட்டும் எடுத்துராதீய. ஒரு தடவ ஹேமர்கிட்ட வந்து பாருங்க. நீங்களே நின்னு பாத்தா தெரிஞ்சிரும்."

என்ன நினைத்தாரோ, பெருமாள் எழுந்தார். இருநூறு விசாரணையில் அவர் பட்டறைக்குள் இறங்கியது அன்றுதான் முதல் தடவை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். மாடசாமி தன் இடுப்பு டப்பியைக் கழற்றி, ஹேமரின் பீடத்தில் ஒரு நூலால் கட்டினான். குறடால் ஒரு பீஸை வைத்துப் பெடலை அமுக்கினான். தரை அதிர்ந்தது, எங்கள் பற்கள் அதிர்ந்தன, டப்பிக்குள் இருந்த துண்டு தலைதெறிக்க ஆடியது. ஒரே அடிக்குப் பதினெட்டு எண் ஏறியிருந்தது. ஏழு அடியையும் முடித்தான். நூற்றிருபத்தாறு.

மாடசாமி தள்ளி நின்று முகத்தைத் துடைத்தான். விளங்கிவிட்டது, விட்டுவிடுவார்கள் என்று அவன் முகத்தில் தெரிந்தது. என் முகத்திலும் அதுவேதான் இருந்திருக்கும். ஒரு நிமிடம் எனக்கு அந்தக் கம்பெனி மேலேயே மரியாதை வந்துவிட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

மெல்வின் சாரின் முகமும் மலர்ந்திருந்தது. "அப்ப நடந்தது இவர் இல்லை" என்றார்.

"இல்ல சார். நான் சொன்னேம்லா" என்றான் மாடசாமி.

"ஹேமர்தான் நடந்திருக்கு."

"ஆமா சார்."

"எழுதிக்கப்பா, ஒப்புக்கொண்டார்" என்றார் பெருமாள்.

தீர்ப்பு மூன்றே பக்கம். நிறுவனத்துக்குச் சொந்தமான இயந்திரத்தின் உழைப்பைத் தன் உழைப்பாகக் காட்டி நாற்பத்து நான்கு முட்டைகளையும் இருபத்திரண்டு வாழைப்பழங்களையும் பெற்ற குற்றம் ஐயமற நிரூபணமாகிறது. ஹேமரின் அடிகளைக் கழித்துப் பார்க்கையில் தொழிலாளி மாடசாமி எரித்த கலோரி பூஜ்யம். ஒன்பதாண்டுப் பணிக்காலம் முழுவதும் இதே நிலை நீடித்திருக்கக்கூடும். எதையும் எரிக்காத ஒருவரைப் பணியில் வைத்திருப்பது அவருடைய உடல்நலத்துக்கே கேடு. எனவே அவர் நலன் கருதிப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.

தட்டச்சு செய்யும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், பெடலை அமுக்குறது யாருன்னு எழுதணுமா?"

மெல்வின் சார் என்னை அன்போடு பார்த்தார். "முத்துக்குமார், டப்பி இடுப்புல மாட்டுறது. கால்ல இல்லை" என்றார். நான் மேலே தட்டச்சு செய்தேன். எனக்கும் அப்போது பெர்மனென்ட் ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த மாத நலவாழ்வு நாயகன் ஹேமர். நானூற்றுப் பதினேழு என்ற எண் காலியாக இருந்ததால் அதையே ஹேமருக்குக் கொடுத்தார்கள்; நூலில் கட்டிய டப்பியும் பீடத்திலேயே இருந்தது. பெயின்டில் எழுதி, சந்தனம் வைத்து, மாலை போட்டார்கள். முதலாளி கை கொடுக்க எங்கே பிடிப்பது என்று தெரியாமல் டையைத் தொட்டு எடுத்தார்.

மாலை வாடும்வரை ஹேமர் ஓடவில்லை. ஓட்ட ஆள் வேண்டுமே. கான்ட்ராக்டர் நாலு பேரை அனுப்பினார். ஒருவன் முதல் நாளே குறடைப் போட்டுவிட்டு ஓடினான், ஒருவனுக்குக் கால் போயிற்று, மற்ற இருவரும் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாடசாமியோ போச்சம்பள்ளி வரை வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். எங்கே போனாலும் மெடிக்கலில் வலது காதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அதே கான்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்தான். பின்பக்க மூன்றாம் கேட் வழியாக அதே ஹேமருக்கு வந்து நின்றான். எண் கிடையாது, சட்டையில் பெயர் கிடையாது.

டப்பியும் கிடையாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டப்பி இல்லை. டப்பி இல்லாதவர் எரிப்பதில்லை என்றும், எரிக்காதவருக்குக் கேன்டீன் உணவு தேவைப்படாது என்றும் சுற்றறிக்கை. வெளிச்சோறு உள்ளே வரக்கூடாது என்ற பழைய விதி அப்படியே இருந்தது.

நானூற்றுப் பதினேழுக்கு மட்டும் தினமும் தங்கச் சீட்டு விழுந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த வழி இல்லை. நிறுத்தினால், ஒரு தொழிலாளி தினம் இரண்டாயிரத்து எழுநூறு எரிக்கிறார், அவருக்குச் சோறே போடவில்லை என்று ஆடிட்டில் எழுதிவிடுவார்கள். கம்பெனிக்கு அவமானம். ஆகவே மதியம் பன்னிரண்டரைக்கு நாராயணம்மா தட்டைக் கொண்டுவந்து ஹேமருக்கு முன்னால் ஸ்டூலில் வைப்பார். மாடசாமியை நிமிர்ந்து பார்க்க மாட்டார். மெமோ வாங்கிய எல்லப்பன் பக்கத்தில் காவல் நிற்பார், கம்பெனிச் சொத்தை யாரும் தின்றுவிடாமல்.

முதல் வாரம் தட்டு நிறைந்தபடியே திரும்பிப் போயிற்று. மெல்வின் சார் வருத்தப்பட்டார். "உணவு வீணாகக் கூடாது, தட்டு காலியா வரணும். பக்கத்துலயே ஃபர்னஸ் இருக்கு. ஹேமர்கிட்ட நிக்கிற ஆள் போட்டுடட்டும். நீங்க கூட இருந்து கையெழுத்து வாங்கிடுங்க, முத்துக்குமார்" என்றார். பழையபடி கணக்கு இடிக்காமலிருக்கத் தட்டில் சோற்றையும் கூட்டினார்கள். அன்றிலிருந்து உள்ளே போனது இரண்டாயிரத்து எழுநூறு, எரிந்தது இரண்டாயிரத்து எழுநூறு. ஆடிட்டர் அந்தப் பக்கத்தைப் பாராட்டி எழுதினார்.

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். பசியோடு அங்கே நிற்க முடியாது.

"வீட்ல தெரியுமா?" என்று ஒரு நாள் அவனுடைய இடது காதருகே கேட்டேன்.

"சொல்லல அண்ணாச்சி. இன்னிக்கும் ரெண்டு முட்டையான்னு கேப்பா. ரெண்டுதான்னு சொல்லுவேன்."

எல்லப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மாடசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூல் முன்னால் குந்தினான். ஃபர்னஸ் கதவைக் குறடால் திறந்தான். முதலில் சோற்றை அள்ளிப் போட்டான். பிறகு பொரியல், ரசம், மோர், வாழைப்பழம். முட்டை இரண்டையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தான். அவற்றைக் கடைசியில் போட்டான்.